டேப்பின் மூலை

அடுப்பு மேடையில் ஒன்று,
இஸ்திரிப் பலகைக்கு அடியில் ஒன்று,
மூன்றாவது என் கைப்பையில்.
மூன்றும் ஒரே வைஃபையில் தண்ணீர் குடிக்கக் கூடாது.
ஈசூனில், ஒன்பதாம் மாடியில்,
ஓர் அறைக்குள் மூன்று கடைகள்
ஒன்றையொன்று தெரியாதது போல்
குடித்தனம் நடத்துகின்றன.

நாலாவது என் பெயரில் இருந்தது.
போன மார்ச்சில் முடக்கிவிட்டார்கள்.
படத்தில் பார்த்த சிவப்பு இதுவல்ல என்று
யாரோ ஒருத்தி கூந்தல் கிளிப்பைத் திருப்பி அனுப்பினாள்;
அடுத்து இன்னொருத்தி; பிறகு ஒரு மின்னஞ்சல்,
அதன் அடியில் கையெழுத்தே இல்லை.
அறுநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு
இன்னும் திரையில் இருக்கிறது.
எடுக்கத்தான் முடியாது.
அன்று கற்றுக்கொண்டது இது:
ஒன்றாய் இருந்தால் ஒன்றாய்ச் சாக வேண்டும்.

ஆகவே தவசீலன் பெயரில் ஒன்று.
என் கணவர்; நைட் ஷிஃப்ட்;
தன் கடையில் என்ன விற்கிறது என்று அவருக்குத் தெரியாது.
நாத்தனார் புவனமலர் பெயரில் ஒன்று.
அண்ணன் மகன் அகிலேஷ் பெயரில் ஒன்று.
அவன் தேசிய சேவையில், முகாமில் ஓடிக்கொண்டிருக்கிறான்,
வாடிக்கையாளர்களிடம் தான் எவ்வளவு பணிவு
என்பதை அறியாமல்.

புவனமலர் கடை எல்லோரையும் டியர் என்னும்,
இரண்டு இதயம் போடும்.
தவசீலன் கடை: நாளை அனுப்புகிறேன். முற்றுப்புள்ளி.
அகிலேஷ் கடை ஒவ்வொரு வரிக்கும் ஒரு லா வைக்கும்,
அதை வீட்டில் திறக்கவே மாட்டேன்.
காலை ரயில் காத்திப் தாண்டியதும் திறப்பேன்,
ஆங் மோ கியோவில் இறங்குமுன் சாத்துவேன்.

ஒரே மேசைவிரிப்பு இரண்டு படத்தில் வரக் கூடாது.
ஒரு கடையில் விழுந்த ஜன்னல் வெயில்
இன்னொரு கடையில் விழக் கூடாது.
ஒருமுறை தூக்கக் கலக்கத்தில்
தவசீலன் கடையிலிருந்து துவாஸ்காரர் ஒருவருக்கு
டியர் என்று போய்விட்டது.
அரை மணி நேரம் நெஞ்சு அடித்துக்கொண்டது.
ஓகே டியர் என்று வந்தது பதில்.

இயந்திரம் கண்டுபிடிக்கவில்லை.
எட்டு மாதமாய் நான் பயந்ததெல்லாம்
அந்த இயந்திரத்துக்குத்தான்.

போன செவ்வாய், யோ சூ காங் வரும் நேரம்,
அகிலேஷ் கடைக்கு ஒரு செய்தி.
செங்காங். பெயரில் ஓர் எழுத்து, மிச்சம் நட்சத்திரம்.
போன் கவர் வந்தது, நன்றி.
முன்பு வேறொரு கடையில் கூந்தல் கிளிப் வாங்கினேன்,
அந்தக் கடை இப்போது இல்லை.
அதிலும் டேப்பின் முனையை
இப்படித்தான் முக்கோணமாய் மடித்திருந்தது,
நகம் படாமல் உரிக்கலாம்.
நீங்கள்தானா அது?

இல்லை லா, என்று அடித்தேன். அழித்தேன்.
யார் சொன்னது லா, என்று அடித்தேன்.
பீஷான் வந்துவிட்டது.
பிரேடல்.
நான் வேலை பார்க்கும் கிளினிக்கில்
அன்று பதினொரு பேர் எனக்காகக் காத்திருந்தார்கள்.

இரவு கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன்.
நேராய் வெட்டு, அப்படியே ஒட்டு, அவ்வளவுதான்.
முதல் பெட்டி சரி.
இரண்டாவதும்.
மூன்றாவதில் கட்டைவிரல்
தன் பாட்டுக்கு மூலையை மடித்து வைத்திருந்தது.
உரித்துவிட்டு மறுபடி ஒட்டினேன்.
மறுபடி மடித்திருந்தது.
நான்கு பேராய் எழுதப் பழகிய எனக்கு
ஒரு விரலை இரண்டாக்கத் தெரியவில்லை.

அவருக்கு இன்னும் பதில் போடவில்லை.
படித்துவிட்டேன் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

இன்று புவனமலர் கடையில் ஓர் ஆர்டர்:
குழந்தைக்கான சலவைப் பை, இரண்டு.
செங்காங். அதே புளோக், அதே கதவு எண்.
குறிப்பு எதுவும் எழுதவில்லை.
தற்செயலாய் இருக்கலாம், டியர்.

மணி பதினொன்றரை.
பக்கத்து வீட்டில் விளக்கு அணைந்துவிட்டது.
டேப்பை இழுக்கிறேன்.
இந்தச் சத்தத்துக்கு மட்டும்
இந்த வீட்டில் பெயர் மாற்ற முடியாது.